போதை வழக்கில் சிக்கிய பிள்ளைக்குச் சட்டம் தரும் சிகிச்சை வாய்ப்பு

கஞ்சா பொட்டலத்துடன் மகனைப் போலீஸ் பிடித்துவிட்டது என்று தகவல் வந்தால் நம் வீடுகளில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் நடக்கிறது. "இனி அவன் என் பிள்ளையே இல்லை" என்று வாப்பா ஒதுங்கிவிடுகிறார். அல்லது, விஷயம் மஹல்லாவில் பரவுவதற்குள் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லி, அபராதத்தைக் கட்டி வழக்கை முடித்துவிடப் பார்க்கிறார்கள். அபராதமும் தண்டனைதான் என்பது அந்த அவசரத்தில் யாருக்கும் தோன்றுவதில்லை. நாளை வளைகுடா வேலைக்குக் காவல்துறை நற்சான்று கேட்கும்போது அந்தத் தண்டனை முன்னால் வந்து நிற்கும். பிள்ளையின் போதைப் பழக்கமோ அப்படியே இருக்கும்.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. போதைக்கு அடிமையான ஒருவர், பயன்படுத்திய குற்றத்திலோ சிறிய அளவு வைத்திருந்த குற்றத்திலோ சிக்கினால், தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த நிலையத்திலோ சிகிச்சை பெறலாம். அப்படிப் பெற்றால் அந்தக் குற்றத்துக்காக அவர் மீது வழக்கு நடத்தப்படாது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் இந்தப் பாதுகாப்பு திரும்பப் பெறப்படலாம். கஞ்சாவில் 1 கிலோ வரையும் ஹெராயினில் 5 கிராம் வரையும் சிறிய அளவு. எம்டிஎம்ஏ என்றால் அரை கிராம்தான்! அதைத் தாண்டினால் இந்தச் சலுகை இல்லை.

வழக்கு நடந்து குற்றம் நிரூபணமான பிறகும் 39ஆம் பிரிவு இருக்கிறது. வயது, நடத்தை, உடல் மனநிலை ஆகியவற்றைப் பார்த்து, உடனே சிறைக்கு அனுப்பாமல், அவருடைய சம்மதத்தின் பேரில் சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அதற்குப் பிணைப்பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஓராண்டுக்குள் சிகிச்சை அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும். அறிக்கை திருப்தியாக இருந்தால், கண்டித்து, மூன்றாண்டு வரையிலான நன்னடத்தைப் பிணையில் விடலாம்.

2001இல் மும்பையில் கைதான ஓர் இந்தி நடிகர், சிகிச்சையை முடித்துக் காட்டி, 2012இல் 64ஏ பிரிவின்படியே வழக்கிலிருந்து விடுபட்டார். நடிகருக்கு நல்ல வக்கீல் கிடைப்பார். பெயின்டிங் வேலைக்குப் போகும் பையனுக்கு யார் எடுத்துச் சொல்வது? சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. போதைக்கு ஆளானவர்களுக்கு உதவுவதற்கென்றே தேசிய ஆணையம் 2015இல் ஒரு திட்டம் வகுத்தது. 15100 என்ற எண்ணில் இலவசமாகக் கேட்கலாம்.

இங்கே பெற்றோர் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இந்த இரண்டு பிரிவுகளும் போதைக்கு அடிமையானவருக்கு மட்டுமே. "என் மகனுக்கு அந்தப் பழக்கமே கிடையாது" என்று மானத்துக்குப் பயந்து நாம் சொல்லும் வார்த்தை, அவனுக்கு இருந்த வாசலை அடைத்துவிடும். உண்மையிலேயே பழக்கம் இல்லாதவன், பொய்யாகச் சிக்கவைக்கப்பட்டவன் என்றால் வழக்கை எதிர்த்து நடத்துங்கள். அது வேறு விஷயம். பழக்கம் இருந்தால் மருத்துவரிடம் காட்டி, அதை எழுத்தில் வாங்குங்கள். மந்திரித்துக் கட்டிய கயிறும், அங்கீகாரமில்லாத விடுதியில் பூட்டி வைத்ததும் நீதிமன்றத்தில் சிகிச்சை ஆகாது. நம் மாவட்டத்தில் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலிருந்து தொடங்கலாம். மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446.

வெளிநாடுகளில் இதற்கென்றே தனி நீதிமன்றங்கள் இருக்கின்றன. அமெரிக்காவின் மியாமியில் 1989இல் முதலாவது தொடங்கியது. இன்று அந்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேல். அங்கே நீதிபதி ஒருமுறை உத்தரவு போட்டுவிட்டு ஒதுங்குவதில்லை. ஓராண்டுக்கும் மேலாக, தொடக்கத்தில் வாரம் தோறும்கூட, அதே ஆளை அதே நீதிபதி அழைத்துப் பார்க்கிறார். சிறுநீர்ப் பரிசோதனை முடிவு மேசையில் இருக்கும். வேலை கிடைத்ததா, வீட்டில் எப்படி என்று கேட்பார். ஒழுங்காக வந்தால் எல்லோர் முன்னிலையிலும் பாராட்டு உண்டு. பொய் சொன்னால் சில நாள் சிறையும் உண்டு. ஒருமுறை சறுக்கினால் எல்லாம் முடிந்தது என்று கைவிடுவதில்லை, ஏனென்றால் இந்த நோயில் சறுக்கல் சகஜம். 154 மதிப்பீடுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்த 2012ஆம் ஆண்டு ஆய்வின் கணக்கில், மற்ற வழியில் நூற்றுக்கு 50 பேர் மீண்டும் குற்றத்தில் சிக்குகிற இடத்தில், இந்த நீதிமன்றங்கள் வழியாக வந்த பெரியவர்களில் 38 பேர்தான் சிக்கினார்கள்.

நம் சட்டத்தில் வாய்ப்பு இருக்கிறது. அடிக்கடி அழைத்து விசாரிக்கும் இந்த ஏற்பாடு இல்லை. குழித்துறை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் ஒரு நாளில் எத்தனை வழக்குகள் அழைக்கப்படுகின்றன என்பதை வராந்தாவில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆகவே அந்த வேலையை வேறு யாராவது செய்தாக வேண்டும். ஜாமீன்தாரர் தேவைப்படும்போது வீட்டார் தவிர ஜமாஅத்தில் பொறுப்புள்ள ஒருவர் முன்வரலாம். மருத்துவமனைக்குப் போகும் நாளில் பையனுடன் துணைக்குப் போகலாம். மருந்துச் சீட்டு, வருகைப் பதிவு, பரிசோதனை அறிக்கை எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்து, தவணைக்குத் தவணை வக்கீல் கையில் கொடுக்கலாம். ஆலோசனைக் கூட்டத்தில் அவன் பெயரைப் படித்து ஊர்விலக்கம் பேசுவதைவிட இது கடினமான வேலைதான்.

பிள்ளைக்கு 18 வயது நிரம்பவில்லை என்றால் வழக்கு சிறார் நீதிக் குழுமத்துக்குப் போகும். போதை மீட்பு சிகிச்சைக்கு உத்தரவிடும் அதிகாரம் அந்தக் குழுமத்துக்கும் உண்டு. எந்த நீதிமன்றமானாலும், ஒப்புதல் வாக்குமூலத்திலோ அபராத ரசீதிலோ கையெழுத்துப் போடுவதற்கு முன், "64ஏ மனு போட முடியுமா?" என்று வக்கீலிடம் கேளுங்கள்.