குண்டு வீசிய நகருக்கே திரும்பியவர்



1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள், உயிர்த்தெழுந்த ஞாயிறு. கொழும்பு நகரத்து ஆலயங்களில் மக்கள் பண்டிகை ஆராதனைக்குக் கூடியிருந்த காலை வேளையில், வானம் திடீரென இரைந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட ஜப்பானியப் போர்விமானங்கள் துறைமுகத்தின்மீது குண்டுமாரி பொழிந்தன. நான்கு நாட்களுக்குப் பின் திருகோணமலைக்கும் அதே கதி நேர்ந்தது. மட்டக்களப்புக்கு அருகே கடலில் பிரிட்டனின் விமானந்தாங்கிக் கப்பலான ஹெர்மிஸ் 300-க்கும் மேற்பட்ட மாலுமிகளோடு மூழ்கியது. இதற்கிடையே ஏப்ரல் 6-இல் விசாகப்பட்டினத்தின்மீதும் குண்டுகள் விழவே, சென்னை மாநகர் நடுங்கியது. அரசு அலுவலகங்கள் உள்மாவட்டங்களுக்கு மாற்றப்பட்டன. மூட்டை முடிச்சுகளோடு பெருந்திரளான மக்கள் ரயிலேறி ஊரைக் காலிசெய்தார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சிலர் அந்நாட்களைப் பற்றிப் பேசக் கேட்டிருப்பீர்கள்.

கொழும்புக்கும் திருகோணமலைக்கும் விமானப்படையை நடத்திவந்தவர் மிட்சுவோ ஃபுச்சிடா என்னும் கடற்படை அதிகாரி. நான்கு மாதங்களுக்கு முன், 1941 டிசம்பர் 7-இல், பேர்ல் துறைமுகத் தாக்குதலின் முதல் அலையில் 183 விமானங்களுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. அன்று மாண்ட அமெரிக்கர் 2,400-க்கும் அதிகம். எதிரி எதிர்பாராத வேளையில் தாக்குதல் வாய்த்தது என்பதற்கான சங்கேதச் செய்தியைத் தம் விமானத்திலிருந்து அனுப்பச் செய்தவரும் இவரே.

பேர்ல் துறைமுகச் செய்தி வானொலியில் ஒலித்தபோது, அமெரிக்க ராணுவ முகாம் ஒன்றின் சமையற்கூடத்தில் ஒரு சிப்பாய் உருளைக்கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டிருந்தார். கேட்டமாத்திரத்தில் கையிலிருந்த கிழங்கைச் சுவரில் ஓங்கி எறிந்து, ஜப்பான் இதற்குப் பதில் சொல்லியே தீரவேண்டும் என்று கத்தினார். அவர் பெயர் ஜேக்கப் டிஷேசர். ஆரிகன் மாநிலத்தில் பிறந்து, இரண்டு வயதில் தகப்பனை இழந்து, அதே மாநிலத்தின் ஒரு சிற்றூரில் வளர்ந்தவர். அந்தச் சிற்றூரின் பெயரைக் கேட்டால் வியப்படைவீர்கள்: மெட்ராஸ்! நம் சென்னையிலிருந்து கடல்கடந்து விற்பனைக்குப் போன துணியின் பெயரால் அவ்வூர் அப்படி அழைக்கப்பட்டது என்பார்கள். தேவபக்தியுள்ள வீட்டில் வளர்ந்தும், டிஷேசரின் உள்ளம் அதற்குள் விசுவாசத்தை விட்டு வெகுதூரம் போயிருந்தது.

பழிதீர்க்கும் வாய்ப்பு விரைவிலேயே வந்தது. 1942 ஏப்ரல் 18-ஆம் நாள், கொழும்பில் குண்டு விழுந்து பதின்மூன்றே நாட்களில், ஹார்னெட் என்னும் கப்பலிலிருந்து 16 குண்டுவீச்சு விமானங்கள் ஜப்பானை நோக்கிப் புறப்பட்டன. ஜேம்ஸ் டூலிட்டில் தலைமையில் 80 பேர் அவற்றில் சென்றனர். ஜப்பானியக் காவற்படகு ஒன்று கப்பலைக் கண்டுகொண்டதால், திட்டமிட்ட நேரத்துக்குப் பல மணி முன்னரே, ஜப்பானுக்கு வெகுதொலைவிலேயே கிளம்பவேண்டியதாயிற்று. சீனத்தில் பத்திரமாகத் தரையிறங்க எரிபொருள் போதாது என்று தெரிந்தே கிளம்பினார்கள். அந்த வீரத்தை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது.

பதினாறாவது விமானத்தில் குண்டு வீசும் பொறுப்பு டிஷேசருக்கு. நாகோயா நகரத்தின்மீது அவர் தீக்குண்டுகளை எறிந்தார். எரிபொருள் தீர்ந்த இரவில், ஜப்பானியர் வசமிருந்த சீனப்பகுதியில் பாராசூட்டில் குதித்தார், பிடிபட்டார்.

பிடிபட்டவர்கள் மொத்தம் எட்டுப் பேர். அக்டோபர் 15-இல் அவர்களில் மூவர் ஷாங்காயில் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஐவரின் மரணதண்டனை ஆயுள்சிறையாக மாற்றப்பட்டது. மற்ற அறுபதுக்கும் மேற்பட்ட வீரர்கள் பிழைத்துச் சென்றதற்குக் காரணம், அவர்களை ஒளித்துவைத்துச் சோறிட்டு வழிகாட்டிய சீனக் கிராமத்து ஏழைகள். அந்த இரக்கத்துக்கு அம்மக்கள் கொடுத்த விலை பயங்கரமானது. ஜப்பானியப் படை சேஜியாங், ஜியாங்சி மாகாணங்களில் பழிவாங்கப் புறப்பட்டது. அதில் மாண்ட பொதுமக்கள் 2,50,000 பேர் வரை இருக்கும் என்று மதிப்பிடப்படுகிறது.

அன்பானவர்களே, இதுவரை நடந்ததைச் சற்றே நினைத்துப் பாருங்கள். பேர்ல் துறைமுகத்துக்குப் பழி நாகோயா. நாகோயாவுக்குப் பழி சீனத்துக் கிராமங்கள். ஒவ்வொரு பழியும் முந்தையதைவிடப் பெரிதாகவே வளர்ந்தது. எய்தவன் எங்கோ இருக்க, அம்பு தைத்ததெல்லாம் அறியாத ஜனங்கள்மீது. பகை தானாக ஓய்ந்த சரித்திரம் உலகில் இல்லை. எங்கேயாவது ஒரு மனிதன் அதை நிறுத்தவேண்டும். அந்த மனிதன் உருவான இடம் ஒரு சிறையறை.

டிஷேசர் சிறையிலிருந்தது 40 மாதங்கள். அவற்றில் 34 மாதங்கள் தனிமைச் சிறை. அடியும் பசியும் நோயும் அன்றாட வாழ்வாயின. 1943 டிசம்பர் 1-ஆம் நாள் சிறைத்தோழர்களில் ஒருவரான ராபர்ட் மீடர் நோயாலும் பட்டினியாலும் இறந்தார். அதன்பின் எஞ்சிய நால்வருக்கும் உணவு சற்றே மேம்பட்டது. படிக்கப் புத்தகங்களும் கிடைத்தன. அவற்றுள் ஒன்று வேதாகமம். 1944-இல் டிஷேசரின் முறை வந்தபோது, மூன்று வாரம் மட்டுமே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிக் கொடுத்தார்கள்.

மூன்றே வாரம்! நம் வீடுகளில் அலமாரிக்கு ஒன்றாக வேதாகமம் இருக்கிறது. வருடங்கள் கழிகின்றன, பக்கங்கள் புரளுவதில்லை. அந்தக் கைதியோ சிறையறையின் மங்கிய வெளிச்சத்தில் திரும்பத் திரும்ப வாசித்தார். பகுதி பகுதியாக மனப்பாடம் செய்தார். 1944 ஜூன் 8-ஆம் நாள், ரோமர் நிருபத்தின் பத்தாம் அதிகாரத்தை வாசித்துக்கொண்டிருந்தபோது, இயேசுவைத் தம் இரட்சகராக ஏற்றுக்கொண்டதாக அவர் சாட்சி சொல்லியிருக்கிறார். புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். வாசித்ததை அவரிடமிருந்து பிடுங்க யாராலும் முடியவில்லை.

ஆனால் என்னை மிகவும் தொடுவது இதற்குப் பிறகு நடந்தது. ஒருநாள் காவலாளி ஒருவன் அவரை அறைக்குள் தள்ளிக் கதவை அடித்துச் சாத்தினான். அவருடைய வெறுங்கால் கதவிடுக்கில் சிக்கிக்கொண்டது. கதவைத் திறந்துவிடாமல், ஆணியடித்த பூட்ஸால் அந்தக் காலையே உதைத்தான். வலியோடு காலை விடுவித்துக்கொண்ட டிஷேசரின் உள்ளம் கொதித்தது. சத்துருவை நேசிக்கச் சொல்லும் கட்டளையைப் படித்து ரசித்தவருக்கு அது சோதனை வேளையாக வந்து நின்றது.

மறுநாள் காலை அதே காவலாளிக்கு ஜப்பானிய மொழியில் காலை வணக்கம் சொன்னார். அவன் விழித்தான். தனிமைச் சிறையில் கிடந்து கிடந்து கைதிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று எண்ணியிருக்கவேண்டும். அடுத்த நாளும் வணக்கம். அதற்கடுத்த நாளும் வணக்கம். சில நாட்களில் அவன் கதவருகே நின்று பேசத் தொடங்கினான். அவன் குடும்பத்தைப் பற்றி டிஷேசர் விசாரித்தார். பிறகு ஒருநாள், கதவின் துவாரம் வழியாக ஒரு கை நீண்டது. அதில் வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு ஒன்று இருந்தது.

பகையில் சுவரில் எறிந்த கிழங்கு ஒன்று. பகைவன் கையிலிருந்து வாங்கித் தின்ற கிழங்கு ஒன்று. இவ்விரண்டுக்கும் நடுவேதான் ஓர் ஆத்துமாவின் மறுபிறப்பு நிகழ்ந்தது.

1945 ஆகஸ்ட் 20-ஆம் நாள் பெய்ஜிங் சிறையிலிருந்து டிஷேசர் விடுதலையானார். நாடு திரும்பி இறையியல் கற்று, 1948 டிசம்பர் இறுதியில் மனைவி ஃபுளோரன்ஸோடு மறுபடியும் ஜப்பானுக்குக் கப்பலேறிச் சென்று இறங்கினார். இம்முறை அவர் மிஷனரி. அவருடைய சாட்சி, நான் ஜப்பானின் கைதியாயிருந்தேன் என்ற பொருள்படும் தலைப்பில், கைப்பிரதியாக அச்சிடப்பட்டு ஜப்பான் முழுவதும் பரவியது.

அப்பிரதி யார் கையில் போய்ச் சேர்ந்தது தெரியுமா? மிட்சுவோ ஃபுச்சிடாவின் கையில்!

மிட்வே போரில் இரு கால்களும் முறிந்து பிழைத்தவர் அவர். ஹிரோஷிமாவில் ஒரு ராணுவக் கூட்டத்துக்குச் சென்று, அணுகுண்டு விழுவதற்கு முந்தின நாள் அந்நகரை விட்டுக் கிளம்பியவர். தோல்விக்குப் பின் பதவியும் புகழும் போய், சொந்த ஊரில் மண்ணைக் கொத்தி வாழ்ந்துகொண்டிருந்தார். ஜப்பானியர் கைதிகளைக் கொடுமைப்படுத்தியதாகப் போர்க்குற்ற நீதிமன்றத்தில் விசாரணை நடந்தபோது அவர் மனம் பொறுக்கவில்லை. அமெரிக்கர் மட்டும் யோக்கியர்களா என்று நிரூபிக்க விரும்பி, அமெரிக்க முகாம்களிலிருந்து திரும்பிய ஜப்பானிய வீரர்களிடம் சான்று தேடினார். தேடியது கொடுமைக்குச் சான்று, கிடைத்தது வேறொன்று.

இறந்துபோனதாக நினைத்திருந்த பழைய தோழர் ஒருவர் உயிரோடு திரும்பி, முகாமில் தங்களுக்குப் பணிவிடை செய்த பெகி கோவெல் என்னும் இளம்பெண்ணைப் பற்றிச் சொன்னார். அவளுடைய பெற்றோர் ஜப்பானில் ஊழியம் செய்த மிஷனரிகள். 1943 டிசம்பரில் பிலிப்பைன்ஸின் பனாய் தீவில் ஜப்பானிய வீரர்களால் கொல்லப்பட்டவர்கள். பெற்றோரைக் கொன்ற தேசத்தாருக்கு மகள் பணிவிடை செய்கிறாள்! இது எப்படிச் சாத்தியம் என்ற கேள்வி தம்மை உறங்கவிடவில்லை என்கிறார் ஃபுச்சிடா. பிறகு டோக்கியோவின் ஷிபுயா ரயில் நிலையத்தில் டிஷேசரின் கைப்பிரதி கிடைத்தது. ஒரு வேதாகமத்தை வாங்கி வாசித்தார். லூக்கா 23-ஆம் அதிகாரத்தில், சிலுவையில் தொங்கியபடியே தம்மைக் கொல்கிறவர்களுக்காக இயேசு மன்னிப்பு வேண்டும் இடத்துக்கு வந்தபோது, கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. 1950-இல் இருவரும் நேருக்கு நேர் சந்தித்தனர். பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியவரும் நாகோயாவைத் தாக்கியவரும் ஒரே மேடையில் நின்று சமாதானத்தின் நற்செய்தியைச் சொன்னார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஃபுச்சிடா போர்நிகழ்வுகளைப் பற்றிப் பிற்காலத்தில் சொன்ன சிலவற்றை வரலாற்றாசிரியர்கள் ஏற்பதில்லை. மனந்திரும்பியவர்கள் ஒரே நாளில் குறையற்றவர்களாகிவிடுவதில்லை. அதுபோலவே, மன்னிப்பு என்பது குற்றத்தைக் குற்றமில்லை என்று சொல்வதும் அன்று. அந்த மூன்று வீரர்களின் மரணம் தொடர்பாக 1946-இல் நான்கு ஜப்பானிய அதிகாரிகள் ஷாங்காயில் விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெற்றனர். நியாயம் அதன் வேலையைச் செய்தது. ஆனால் நியாயஸ்தலத்தால் செய்யமுடியாத ஒன்று இருக்கிறது. பகைவனின் வீட்டில் விளக்கேற்ற அதனால் முடியாது. 1959-இல் டிஷேசர் நாகோயாவுக்கே குடிபெயர்ந்து, தாம் தீக்குண்டு எறிந்த அதே நகரத்தில் ஒரு சபையை நிறுவினார். ஓய்வுபெறும் காலம்வரை ஜப்பானில் ஊழியம் செய்து, 2008 மார்ச் 15-இல், 95-ஆம் வயதில் தம் மாநிலத்தில் நித்திரையடைந்தார்.

பிரியமானவர்களே, டிஷேசர் ஒரு தேசத்தையே நேசித்தார் என்று வியக்கிறோம். ஆனால் அவர் தேசத்திலிருந்து தொடங்கவில்லை. காலை நசுக்கிய ஒரே ஒரு காவலாளியிலிருந்து தொடங்கினார். அதுவும் ஒரு காலை வணக்கத்திலிருந்து.

தூரத்துப் பகைவரை நேசிப்பது நமக்கு எளிது. உலக சமாதானத்துக்காக ஞாயிறுதோறும் ஜெபிக்கிறோம். ஆனால் ஒரே தகப்பனுக்குப் பிறந்து, ஒரு சென்ட் நிலத்துக்காகப் பத்து வருடமாய்ப் பேசாமலிருக்கும் அண்ணன் தம்பி எத்தனை பேர்! சபைத் தேர்தலில் எதிரணியில் நின்றார் என்பதற்காக, ஒரே பந்தியில் அப்பமும் ரசமும் வாங்கிவிட்டு முகம் திருப்பிப் போகிறவர்கள் எத்தனை பேர்! வழக்குப் போட்டவர் வீட்டுச் சாவுக்குக்கூடப் போகாதவர்கள் எத்தனை பேர்! நமக்கும் ஒரு கதவு இருக்கிறது. அதன் மறுபுறம் நம்மைக் காயப்படுத்திய ஒருவர் நிற்கிறார்.

இந்த வாரம் அவருக்கு ஒரு வணக்கம் சொல்லுங்கள். முதல்நாள் அவர் பதில் சொல்லாமல் போகலாம். உங்களுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றும் நினைக்கலாம். மறுநாளும் சொல்லுங்கள். கால் வலிக்கும்போதே சொல்லுங்கள். வலி முழுவதும் ஆறட்டும் என்று டிஷேசர் காத்திருந்திருந்தால், அந்தக் கதவின் துவாரம் வழியாக எந்தக் கையும் நீண்டிருக்காது.

ஜெபிப்போமாக: அன்பின் பரம பிதாவே, எங்களைக் காயப்படுத்தியவர்களின் பெயர்களை நீர் அறிவீர். அவர்களில் ஒருவரையாவது இந்த வாரம் சந்தித்து, முகமலர்ந்து வாழ்த்தும் பெலனை எங்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.