மாந்தம் முதல் ரோட்டா வரை: கைக்குழந்தை வயிற்றுப்போக்கின் சின்ன வரலாறு

எங்க பெரம்பலூர் மாவட்டம் செட்டிகுளம் பக்கம் கைக்குழந்தைக்கு வெளிக்கு பச்சையா, திரிதிரியா போனால், வீட்டுப் பெரியவங்க வாயில் முதலில் வரும் சொல் 'மாந்தம்'. இது வெறும் பேச்சுவழக்கு இல்லை. சித்த மருத்துவத்தில் குழந்தை நோய்களுக்கென்றே 'பாலவாகடம்' என்ற தனி நூல்வகை உண்டு. பால் மாந்தம், செரியா மாந்தம் என்று மாந்தத்தையே பல வகையாகப் பிரித்திருக்கிறார்கள். கைமருந்தாக வசம்பு, கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காயை உரைகல்லில் இழைத்து நாக்கில் தடவுவார்கள். வசம்புக்கு 'பிள்ளை வளர்ப்பான்' என்றே ஒரு பேர் உண்டு.

மலத்தைப் பார்த்து நோயைக் கணிக்கும் பழக்கம் நல்ல பழக்கம்தான். சிக்கல் வந்தது அடுத்த படியில். பேதியாகும் பிள்ளைக்குத் தண்ணி, பால் குறைத்தால் பேதி நிற்கும் என்று நம்பினார்கள். நம்ம ஊரில் மட்டுமல்ல, ஆங்கில மருத்துவத்திலும் 'குடலுக்கு ஓய்வு' என்று பட்டினி போட்டவர்கள் இருந்தார்கள். உண்மையில் பேதியில் பிள்ளை இறப்பது பெரும்பாலும் உடம்பிலுள்ள நீரும் உப்பும் வற்றிப்போவதால்.

சர்க்கரை கூட இருந்தால் குடல் உப்பை உறிஞ்சும், உப்போடு தண்ணீரும் உள்ளே போகும் என்று 1960-களில் தெளிவானது. 1971-ல் வங்கதேசப் போர் அகதிகள் நிறைந்த பன்காவ் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோக, டாக்டர் திலீப் மஹலநாபிஸ் உப்பு, சர்க்கரை கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. இன்று நாம் வாங்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் கதை இதுதான்.

1973-ல் மெல்போர்னில் ரூத் பிஷப் குழுவினர் பிள்ளைகளின் குடலில் ரோட்டா வைரஸைக் கண்டார்கள். மாந்தம் என்று சொல்லப்பட்ட பேதிகளில் எத்தனை இந்த வைரஸின் வேலையோ! இந்தியாவின் 'ரோட்டாவேக்' தடுப்பு மருந்து சோதிக்கப்பட்ட மூன்று இடங்களில் நம்ம வேலூரும் ஒன்று. தமிழ்நாட்டில் 2017-லிருந்து அரசே 6, 10, 14-வது வாரங்களில் ரோட்டா சொட்டு மருந்து போடுகிறது.

சரி, இன்று எப்படிப் பார்ப்பது? தாய்ப்பால் குடிக்கும் பிள்ளை ஒரு நாளைக்குப் பலமுறை மஞ்சளாகப் போகலாம். நன்றாகக் குடித்து, விளையாடி, எடை கூடினால் பச்சை நிறம் மட்டும் நோயாகாது. ஆறு மாதம்வரை தாய்ப்பால் போதும், உரைமருந்தும் வேண்டாம் என்கிறார்கள் குழந்தை மருத்துவர்கள். தண்ணியாகப் போய் கண் குழிந்தால், மூத்திரம் குறைந்தால், ரத்தம் கலந்தால் உடனே ஆஸ்பத்திரி. வழியிலும் பாலை நிறுத்தக்கூடாது.

பச்சையைக் கண்டு பதறுகிற நாம் வெளுப்பைத்தான் கவனிப்பதில்லை. சுண்ணாம்பு மாதிரி வெளுத்த மலம் பித்தநாள அடைப்பாக இருக்கலாம். அதற்கான அறுவை சிகிச்சையை ஜப்பானின் மோரியோ கசாய் 1959-லேயே எழுதிவிட்டார். பிறந்து 60 நாளுக்குள் செய்தால் பலன் அதிகம். தைவானில் இதற்காகவே மலநிற அட்டையைத் தாய்மார் கையில் கொடுக்கிறார்கள். நம்ம வீட்டுப் பாட்டிகள் கண்ணால் செய்த வேலைதான் அது. அவங்க பட்டியலில் வெள்ளையையும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்போம்.