லெகோ, ரோபோ வகுப்பு: பிள்ளையைச் சேர்க்கும் முன் என்ன பார்க்கலாம்?

பள்ளி முடிந்ததும் துணைப்பாட வகுப்பு. அதற்குப் பக்கத்துக் கடையிலேயே இப்போது இன்னொரு வகுப்பு: லெகோ துண்டுகள், மோட்டார்கள் வைத்து அறிவியலும் கணிதமும் சொல்லித்தரும் 'ஸ்டெம்' வகுப்பு.

கட்டணம் மலிவில்லை. விளையாட்டுக்கா இவ்வளவு காசு என்று நீங்கள் யோசித்திருக்கலாம்.

விளையாட்டில் பாடம் எங்கே?

பற்சக்கரத்தையே எடுத்துக்கொள்வோம். மோட்டாரில் 8 பற்கள் கொண்ட சக்கரம். அது 24 பற்கள் கொண்ட சக்கரத்தைச் சுழற்றுகிறது. சின்னது 3 முறை சுற்றினால்தான் பெரியது ஒருமுறை சுற்றும். வண்டியின் வேகம் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். ஆனால் திருப்பும் விசை ஏறக்குறைய 3 மடங்காகும். மேட்டில் திணறிய வண்டி இப்போது ஏறிவிடும்.

சிங்கப்பூரில் அறிவியல் பாடம் தொடக்கநிலை 3இல்தான் ஆரம்பிக்கிறது. விகிதம் அதற்கும் பிறகு. ஆனால் 7 வயதுப் பிள்ளைகூடப் பற்களை எண்ணிப் பார்த்து இதைப் புரிந்துகொள்ளும்.

ஒன்று மட்டும் முக்கியம். வண்டி ஏறாமல் நிற்கிறதே, அந்த நேரம்தான் பாடம். ஆசிரியர் ஓடிவந்து சரிசெய்துவிட்டால் பிள்ளைக்கு மிஞ்சுவது பொம்மையும் ஒரு படமும்தான்.

இந்த யோசனை புதிதல்ல. கையால் ஒன்றை உருவாக்கி, பிழையைத் தேடித் திருத்தும்போது பிள்ளைகள் நன்றாகக் கற்கிறார்கள் என்று வாதிட்டவர் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் செய்மோர் பேப்பர்ட். 1980இல் அவர் எழுதிய 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' நூலின் பெயரைத்தான் லெகோ 1998இல் தனது ரோபோ தொகுப்புக்கு வைத்தது.

எப்படித் தெரிந்துகொள்வது?

முன்னோட்ட வகுப்பு இருந்தால் கேளுங்கள். கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். எல்லாப் பிள்ளைகளும் கையேட்டைப் பார்த்து ஒரே மாதிரி வண்டி செய்கிறார்களா? முதல் சில வாரங்களுக்குப் பரவாயில்லை. ஆண்டு முழுக்க அப்படியே என்றால் யோசிக்கணும்.

இருவருக்கு ஒரு பெட்டி என்றால் யார் கட்டுகிறார், யார் வேடிக்கை பார்க்கிறார் என்பதையும் கவனியுங்கள். சத்தம் போடாத பிள்ளை துண்டு எடுத்துக் கொடுப்பதோடு நின்றுவிடும்.

வீட்டுக்கு வந்ததும் "இன்னிக்கு என்ன செஞ்சே?" என்று கேட்பதைவிட, "எது ஓடல? அப்புறம் என்ன பண்ணே?" என்று கேட்டுப் பாருங்கள். பதிலில் எல்லாம் தெரிந்துவிடும்.

காசு கட்டாமல் முடியாதா?

முடியும். 'கோட் ஃபார் ஃபன்' திட்டத்தின்கீழ் பள்ளியிலேயே நிரலாக்கம் கற்றுத்தரப்படுகிறது. எம்ஐடி உருவாக்கிய 'ஸ்கிராட்ச்' மென்பொருள் இலவசம். இணையம் இருந்தால் போதும். பொங்கோல் வட்டார நூலகத்தில் பொருள்களைச் செய்து பார்க்கவே தனி இடம் உண்டு.

அண்ணனோ அக்காவோ விளையாடிய பழைய லெகோ டப்பா வீட்டில் கிடக்கிறதா? தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 1958இல் வந்த லெகோ துண்டு இன்று கடையில் வாங்கும் துண்டோடும் பொருந்தும்.