பட்டையில் எழுதிய பாத்தியதை

1966 பிப்ரவரியில் ஆஸ்திரேலியா பவுனைக் கைவிட்டு டாலருக்கு மாறியபோது, ஒரு டாலர் நோட்டின் பின்புறத்துக்கென எடுத்துக்கொள்ளப்பட்ட மரப்பட்டைச் சித்திரத்தை, கர்த்தா இன்னாரென்று தெரியாத ஏதோ புராதனச் சொத்தென்றே அதிகாரிகள் கருதினார்கள்; அதை எழுதிய டேவிட் மலாங்கியோ வடக்கே ஆர்னெம் நிலப்பகுதியில் அப்போதும் சித்திரம் எழுதிக்கொண்டிருந்தார். விஷயம் வெளிவந்தபின் ரிசர்வ் வங்கியின் தலைவர் அவருக்கு ஆயிரம் டாலரும் ஒரு பதக்கமும் மீன்பிடிக் கருவிகளும் அளித்தார். (பணத்தோடு தூண்டிலையும் சேர்க்கத் தோன்றிய மனப்பான்மை தனியே ஆராயத்தக்கது.) அச்சித்திரத்தில் இருந்தது, பாம்பு தீண்டி மாண்ட வேட்டைக்காரனும் மலாங்கியின் குலத்துக்கு மூதாதையுமான குர்மிரிங்குவின் ஈமக்கிரியை. உடையவரே இல்லாத பொருளென்று அதைக் கொண்டது முதற்பிழை. தனியொரு கலைஞனின் கற்பனைச் சொத்தென்று பின்னாளில் பதிப்புரிமைச் சட்டம் கொண்டது, அதனினும் நாகரிகமான இரண்டாம் பிழை என்பதே இக்கட்டுரையின் கட்சி.

மலாங்கியின் குலத்தை உள்ளடக்கிய, ஆர்னெம் நிலப்பகுதியின் யோல்ங்கு மக்களின் உலகில் குலங்களும், நிலமும் நீரும், மரமும் மீனும், வீசும் காற்றுங்கூட, துவா, யிரிட்ஜா என்னும் இரு பெரும் பிரிவுகளில் ஒன்றைச் சேர்ந்தவை; மணவினை ஒன்றிலிருந்து மற்றதற்கே நிகழ வேண்டுமாதலால், ஒவ்வொருவருக்கும் தந்தைவழி ஒரு பிரிவாகவும் தாய்வழி மற்றொரு பிரிவாகவும் அமைகிறது. தந்தையின் குலக்குறிகளையும் அவற்றுக்குரிய கோலங்களையும் ஒருவன் உடையவனாகப் பெறுகிறான்; தாயின் குலத்துக்குரியவற்றையோ காவலனாகக் காக்கிறான். பிறப்பினால் வந்த இப்பாத்தியதையும் பெரியோர் கற்பித்து அளித்த அங்கீகாரமும் இன்றி, எத்துணைக் கைத்திறன் உடையவனாயினும் ஒரு கோலத்தை எழுத அவனுக்கு இடமில்லை.

மழைக்காலத்தில் சாறு ஓடும்போது யூகலிப்டஸ் இனத்து மரமொன்றிலிருந்து உரித்த பட்டையை நெருப்பில் வாட்டிப் பாரமேற்றித் தட்டையாக்கி, செங்காவியைத் தளமாகப் பூசி, உருவங்களை வரைந்தபின், மனித மயிரிழைகள் சிலவற்றைக் கட்டிய மெல்லிய தூரிகையால் இடைவெளிகளைக் குறுக்குநெடுக்கான நுண்கோடுகளால் நிரப்புகிறார்கள். கண்ணைக் கூசவைக்கும் அந்த மினுமினுப்பே மூதாதையின் ஆற்றல் என்பது அவர்கள் கொள்கை. குமாட்ஜ் குலத்தாரின் சாய்சதுரக் கோலம், முதலையாகிய மூதாதை பாருவின் முதுகில் தீ சுட்ட வடு. அதைக் காண்பவர் இன்ன குலம், இன்ன நிலம் என்று ஐயமின்றி அறிவர்.

ஆகவே 1963இல், பாக்சைட் சுரங்கத்துக்காக முந்நூறு சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட நிலம் அவர்களைக் கேளாமலே பிரித்தெடுக்கப்பட்டபோது, யிர்க்காலா என்னும் ஊரின் யோல்ங்கு மக்கள் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மகஜரைக் குலக்கோலங்கள் சூழ்ந்த மரப்பட்டையில் ஒட்டி அனுப்பியது அழகுக்காக அன்று. காகிதம் வேண்டுகோள், பட்டை பட்டயம். 1971இல் அந்நிலத்துக்காக அவர்கள் தொடுத்த வழக்கை விசாரித்த நீதிபதி பிளாக்பர்ன், அவர்களிடம் ஒழுங்கமைந்த சட்டமுறை இருப்பதை ஒப்புக்கொண்டும், அது நிலத்தில் சொத்துரிமை ஆகாதென்று தீர்த்தார்.

இவர்கள் சித்திரங்களைச் சந்தையில் விற்கவில்லையா, விற்றபின் குலத்துக்கு அதில் என்ன உரிமை என்று வினவுவோர் உண்டு. விற்றது பட்டை, கோலத்தின் பாத்தியதை விலைப்பொருளே அன்று. ஜான் புலுன் புலுன் 1978இல் எழுதிய, காட்டு வாத்துகளும் அல்லிகளும் நிறைந்த நீர்நிலைச் சித்திரம் துணியில் அச்சாகி விற்பனைக்கு வந்தபோது எழுந்த வழக்கு இதை வெளிப்படுத்திற்று. அந்நீர்நிலை, நீள்கழுத்து ஆமையாகிய மூதாதை பூமியிலிருந்து வெளிப்பட்ட ஜுலிபின்யமுர் என்னும் தலம். ஓவியரோடு, அவரது குலமாகிய கனல்பிங்கு குலத்தாரின் சார்பில் ஜார்ஜ் மில்புருருவும் வழக்காடினார். 1998இல் நீதிபதி வான் டூசா, குலத்தார் அச்சித்திரத்துக்குக் கூட்டுரிமையாளர் ஆகாரென்றும், ஆயினும் ஓவியர் அவர்கள்பால் நம்பிக்கைப் பொறுப்புடையவரென்றும், அப்பொறுப்பை அவர் நிறைவேற்றிவிட்டதால் குலத்தாருக்கு மேலும் பரிகாரம் தேவையில்லையென்றும் தீர்ப்பளித்தார்.

பலர் இதை முன்னேற்றமென்று புகழ்ந்தனர். பதக்கமும் தூண்டிலும் தந்த காலத்தோடு ஒப்பிட்டால் அது மெய்யே. எனினும், ஓவியன் தன் கடமையில் தவறினால்தான் குலத்தாருக்கு நியாயஸ்தலத்தின் கதவு திறக்கும் என்னும் இவ்வேற்பாடு, குலத்தை ஓவியனுக்குப் பின்னே நிறுத்துகிறது. யோல்ங்கு சட்டத்தில் வரிசை இதற்கு நேர்மாறானது.