கில்பர்ட்-சல்லிவன், காப்புரிமை, கல்லூரி மாணவர்கள்

மென்பொருள் துறையில் இருபது வருஷம் ஓட்டியவனுக்கு லைசென்ஸ் என்ற வார்த்தை காதில் விழுந்தாலே ஒரு ஒவ்வாமை வரும். எனக்கும் உண்டு. அதனாலோ என்னவோ, வரலாற்றில் எதைப் படித்தாலும் "இதை யார் எடுத்து ஆளலாம், யார் கூடாது, அதைத் தீர்மானித்தது யார்" என்ற கேள்வியில்தான் போய் நிற்கிறேன். கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கும் கில்பர்ட்-சல்லிவன் இசைநாடகங்களிலும் அதேதான் நடந்தது.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பெரிய பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கில்பர்ட்-சல்லிவன் மாணவர் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. இசைக் கல்லூரி மாணவர்கள் இல்லை. வேதியியல், சட்டம், கணிதம் படிக்கிற பிள்ளைகள். பகலில் வகுப்பு, சாயங்காலம் ஒத்திகை. விக்டோரியா மகாராணி காலத்து அரசியல் கிண்டலை, நூற்றி நாற்பது வருஷம் கழித்தும், வருஷா வருஷம் மேடை ஏற்றுகிறார்கள். ஏன் இது மட்டும் மாணவர்கள் கையில் வந்து சேர்ந்தது?

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. டபிள்யூ. எஸ். கில்பர்ட், வக்கீல் தொழிலில் சோபிக்காமல் எழுத்துக்கு வந்தவர். ஆர்தர் சல்லிவன், லைப்ஸிக்கில் முறையாக இசை படித்த "சீரியஸ்" இசையமைப்பாளர். இருவரும் 1871 முதல் 1896 வரை 14 நகைச்சுவை இசைநாடகங்களைச் செய்தார்கள். இவர்களைச் சேர்த்துவைத்துக் காசு போட்டவர் ரிச்சர்ட் டாய்லி கார்ட். 1881-இல் லண்டனில் இதற்காகவே சவாய் தியேட்டரைக் கட்டி, முழுக்க மின்விளக்கு போட்டார். உலகத்தில் அப்படி ஒளியேற்றப்பட்ட முதல் பொதுக் கட்டிடம் அது. மாணவர் சங்கங்கள் பலவற்றின் பெயரில் "சவாய்" ஒட்டிக்கொண்டிருப்பது இதனால்தான்.

இனி காப்புரிமைக் கதை. 1878-இல் வந்த "எச்.எம்.எஸ். பினஃபோர்" அமெரிக்காவில் காட்டுத்தீ மாதிரிப் பரவியது. வெளிநாட்டுப் படைப்புகளுக்கு அங்கே அப்போது காப்புரிமை கிடையாது. அனுமதி இல்லாத தயாரிப்புகள் மட்டும் சுமார் 150 என்கிறார்கள். கில்பர்ட்டுக்கும் சல்லிவனுக்கும் ஒரு பைசா வரவில்லை. அடுத்த நாடகத்துக்காவது அணை போடலாம் என்று "பைரேட்ஸ் ஆஃப் பென்சான்ஸ்" நாடகத்தை நியூயார்க்கிலேயே நேரடியாக அரங்கேற்றத் திட்டமிட்டார்கள். தேதி 1879 டிசம்பர் 31. ஆனால் இங்கிலாந்துக் காப்புரிமையும் கை நழுவக்கூடாதே? அதற்கு அங்கேயும் ஒரு தடவை நடித்தாக வேண்டும்.

டிசம்பர் 30 அன்று, இங்கிலாந்தின் தென்மேற்கில் பெய்ன்டன் என்ற கடற்கரை ஊரின் சின்னத் தியேட்டரில் அது நடந்தது. பக்கத்து ஊரான டார்க்கீயில் பினஃபோர் போட்டுக்கொண்டிருந்த சுற்றுப்பயணக் குழு, ஒரே ஒரு ஒத்திகை பார்த்துவிட்டுக் கிளம்பி வந்தது. மேடையில் ஆளாளுக்குக் கையில் காகிதம், அதைப் பார்த்துப் பாடினார்கள். கொள்ளைக்காரர் உடுப்பு இல்லாததால் பினஃபோர் மாலுமி உடுப்பிலேயே தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டார்கள். உலகப் புகழ்பெற்ற ஒரு நாடகத்தின் முதல் நிகழ்ச்சி, கல்லூரி விழாவில் அவசரத்துக்குப் போட்ட நாடகம் மாதிரிதான் இருந்திருக்கிறது! எனக்கு இந்த முழு வரலாற்றிலும் பிடித்த இடம் இதுதான்.

அமெரிக்கப் பக்கம் அந்த அணை நிற்கவில்லை. 1885-இல் "மிக்காடோ"வுக்காக நியூயார்க்கில் வழக்கு போட்ட கார்ட், அதிலும் தோற்றார். வெளிநாட்டவருக்கு அமெரிக்கா காப்புரிமை தர ஒத்துக்கொண்டது 1891-இல்தான். அதற்குள் இவர்களுடைய புகழ்பெற்ற நாடகங்கள் எல்லாம் வந்து முடிந்துவிட்டன. கணினிக்காரர்கள் பாஷையில் சொன்னால், ஒரே நிரல் அட்லாண்டிக்குக்கு இந்தப் பக்கம் பூட்டு, அந்தப் பக்கம் திறந்த மூலம்.

பூட்டு என்றால் நல்ல திண்டுக்கல் பூட்டு. இங்கிலாந்தில் தொழில்முறையாக இவற்றை நடிக்கும் உரிமை டாய்லி கார்ட் கம்பெனிக்கு மட்டும்தான். அமெச்சூர் குழுக்கள் நடிக்கலாம், ஆனால் கம்பெனியிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும். வசனத்தையும் இசையையும் தொடக்கூடாது. யார் எங்கே நிற்க வேண்டும், எப்போது திரும்ப வேண்டும் என்பதுவரை கம்பெனியின் ப்ராம்ட் புத்தகத்தை ஒட்டியே இருக்க வேண்டும். இதன் வேர் கில்பர்ட்டிடமே இருக்கிறது. மேடையைச் சின்ன மாடலாகச் செய்து, நடிகர்களுக்குப் பதிலாக மரக்கட்டைகளை நகர்த்தி, எல்லா அசைவையும் முடிவு செய்துகொண்டுதான் அவர் ஒத்திகைக்கே வருவார். அவர் சொன்னதுக்கு மேல் ஒரு விரல் அசையக்கூடாது.

இதைக் கேட்டு டாய்லி கார்ட் குடும்பத்தை வில்லனாக்கத் தேவையில்லை. நம்ம ஊர் சங்கீதத்தில் பாடாந்தரம் என்கிறோமே, குரு பாடியபடியே சிஷ்யன், அவனிடமிருந்து அடுத்தவன் என்று, கிட்டத்தட்ட அது மாதிரி. தாத்தா ரிச்சர்ட், மகன் ரூப்பர்ட், பேத்தி பிரிஜெட் என்று மூன்று தலைமுறை அதைக் காப்பாற்றியிருக்கிறார்கள். ஆனால் பாடாந்தரத்தில் கூட நல்ல பாடகர் தன் சங்கதி ஒன்றைச் சேர்ப்பார். இங்கே அதற்கு வழியில்லை.

சல்லிவன் இறந்தது 1900-இல், கில்பர்ட் இறந்தது 1911-இல். ஆசிரியர் இறந்து ஐம்பது வருஷம் என்பது அன்றைய சட்டம். ஆக, இசை 1950 கடைசியிலேயே பொதுச்சொத்து ஆகிவிட்டது. வார்த்தைகளுக்கு 1961 கடைசி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நடுவில் பதினோரு வருஷம், மெட்டை யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம், வார்த்தையைப் பாட மட்டும் அனுமதி வேண்டும் என்ற விசித்திரமான நிலை.

அமெரிக்க மாணவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. மிச்சிகன் பல்கலைக்கழகச் சங்கம் 1947-இல் தொடங்கியது. ஹார்வர்ட்-ராட்கிளிஃப் குழு 1956-இல். யாரிடமும் கேட்க வேண்டாம், யாருக்கும் கட்ட வேண்டாம்.

அனுமதி இருந்தால் மட்டும் போதுமா? போதாது. நாடகமும் மாணவர்களுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். கில்பர்ட்டும் சல்லிவனும் மாணவர்களை நினைத்து எழுதவில்லைதான். ஆனால் நாடகத்தைப் பிரித்துப் பார்த்தால், மாணவர் சங்கத்துக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. ஏழெட்டுப் பேருக்கு முக்கிய வேடம். மற்றவர்கள் எல்லாம் கோரஸ். இந்தக் கோரஸ் பின்னால் நின்று ஆ ஊ என்று இழுக்கிற கூட்டம் இல்லை, அதுவே ஒரு பாத்திரம். பினஃபோரில் ஆண்கள் மாலுமிகள், பெண்கள் எல்லாரும் ஒரு மந்திரியின் சகோதரிகள், அத்தைகள். அயலாந்தியில் ஆண்கள் பிரபுக்கள் சபை, பெண்கள் தேவதைகள். கதையே இந்த இரண்டு கூட்டமும் மோதுவதில்தான் நகர்கிறது. குரல் தேர்வுக்கு நாற்பது பேர் வந்தால் யாரையும் வெறும் கையோடு திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. ஒரு மாணவர் சங்கம் பிழைப்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அப்புறம் செலவு. பினஃபோரில் இரண்டு அங்கமும் ஒரே கப்பல் தளத்தில். முதல் அங்கம் பகல், இரண்டாவது இரவு. ஒரு செட் போதும். ஆர்க்கெஸ்ட்ராவும் அடக்கமானது. ஓபோ ஒன்று, பஸ்ஸூன் ஒன்று, கொம்பு இரண்டு என்ற அளவில்தான். கல்லூரியில் தேடிப் பிடித்துவிடலாம். முக்கிய வேடங்களிலும் ஒன்று எப்போதும் கடகடவென்று வார்த்தைகளை ஒப்பிக்கும் பாட்டுக்காரருடையது. அதற்குப் பெரிய குரல் வேண்டாம். ஞாபகமும் நாக்குச் சுத்தமும் இருந்தால் போதும். பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிற பையனுக்கு அது கைவந்த கலை.

இந்தக் கடகடப் பாட்டின் மவுசை அறிவியல் வாசகர்கள் அறிந்தே இருப்பீர்கள். பைரேட்ஸ் நாடகத்தின் மேஜர் ஜெனரல் பாட்டு மெட்டில், அன்று தெரிந்த 102 தனிமங்களின் பெயர்களையும் டாம் லெஹ்ரர் அடுக்கிப் பாடியது 1959-இல். அவரும் ஹார்வர்டில் கணிதம் படித்தவர்.

ஹார்வர்ட் என்றதும் இன்னொன்று. கில்பர்ட்-சல்லிவனின் கடைசி இரண்டு நாடகங்கள் "யுடோபியா லிமிட்டெட்", "கிராண்ட் ட்யூக்". இரண்டும் முந்தையவை போல ஓடவில்லை. யுடோபியாவின் கதை இன்றைக்கு இன்னும் பொருந்தும்: ஒரு தீவின் ராஜா, இங்கிலாந்தைப் பார்த்து, தன் நாட்டையே லிமிட்டெட் கம்பெனியாகப் பதிவு செய்துவிடுகிறார். கடன் வந்தால் பொறுப்பு இல்லை பாருங்கள்! அவ்வளவு நல்ல கிண்டலை டாய்லி கார்ட் கம்பெனி லண்டனில் மறுபடி மேடை ஏற்றியது 1975-இல், தன் நூற்றாண்டு விழாவில்தான். அதற்குப் பல வருஷம் முன்னாலேயே ஹார்வர்ட் மாணவர்கள் அதைப் போட்டுவிட்டார்கள். தான் நடிகனாவது என்று முடிவெடுக்க அந்த மாணவர் நாடகம் உதவியதாக ஜான் லித்கோ சொல்லியிருக்கிறார். அவர் அங்கே படித்தது அறுபதுகளில்.

என் பார்வையில் மாணவர் சங்கங்களின் பெரிய பங்களிப்பு இங்கேதான் இருக்கிறது. டிக்கெட் விற்றுச் சம்பளம் கொடுக்க வேண்டிய கம்பெனி, ஓடாத நாடகத்தைத் தொடத் தயங்கும். தொட்டால் நஷ்டம். மாணவர்களுக்குச் சம்பளமே கிடையாது. பினஃபோரை இரண்டு வருஷம் முன்தான் போட்டோம், இந்தத் தடவை வேறே எதாவது பார்ப்போம் என்று ஒருத்தர் சொன்னால் போதும்.

1961 முடிந்தது. 1962 ஜனவரியிலேயே சாட்லர்ஸ் வெல்ஸ் குழு தன் சொந்தத் தயாரிப்பாக அயலாந்தியைக் கொண்டுவந்தது. எடின்பரோ பல்கலைக்கழகத்தின் சவாய் ஆப்ரா குழு தொடங்கியதும் 1961-இல்தான். டாய்லி கார்ட் கம்பெனி இன்னும் இருபது வருஷம் தாக்குப் பிடித்து, அரசு மானியம் கிடைக்காமல், 1982 பிப்ரவரி 27 அன்று கடைசி நிகழ்ச்சியை நடத்திவிட்டு மூடியது. பிறகு அந்தப் பெயரில் மறுபடி முளைத்தது வேறு கதை.

பூட்டு போனதோடு ஒரு சௌகரியமும் போய்விட்டது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. மிக்காடோவிலும் பிரின்சஸ் ஐடாவிலும் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் ஒரு சொல் இருந்தது. அமெரிக்காவில் எதிர்ப்பு வந்ததும், 1948-இல் ரூப்பர்ட் டாய்லி கார்ட், ஏ. பி. ஹெர்பர்ட்டைக் கொண்டு அந்த வரிகளை மாற்றி எழுதவைத்தார். உரிமையாளர் ஒருத்தர், ஒரு பேனா, வேலை முடிந்தது. இன்றைக்கு அந்தப் பேனா இருபது வயதுப் பிள்ளைகள் கையில் இருக்கிறது.

பிரின்சஸ் ஐடாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1884-இல் வந்தது. ஆண்கள் நுழையக்கூடாத ஒரு பெண்கள் பல்கலைக்கழகத்தை நடத்தும் இளவரசியின் கதை. குழந்தையாக இருந்தபோதே அவளுக்கு நிச்சயித்த மாப்பிள்ளை, நண்பர்களோடு சுவரேறிக் குதித்து, மாணவிகளின் அங்கியைப் போட்டுக்கொண்டு உள்ளே நுழைகிறான். முடிவில், எல்லாப் பெண்களும் ஆண்களை ஒதுக்கிவிட்டால் சந்ததி எங்கிருந்து வரும் என்று ஒரு கேள்வி. இளவரசியிடம் பதில் இல்லை; கல்யாணம், சுபம். கேம்பிரிட்ஜில் பெண்களுக்கான கிர்ட்டன் கல்லூரி தொடங்கியது 1869-இல். ஆனால் கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழு டிகிரி கொடுத்தது 1948-இல். அதாவது இந்தக் கிண்டல் வந்து 64 வருஷம் கழித்து. சல்லிவனின் அருமையான இசை சில இதில்தான் இருக்கிறது. இன்று ஒரு பல்கலைக்கழக மேடையில், பட்டப்படிப்பு படிக்கும் பெண் ஐடாவாக நின்று "எனக்கு அது தோன்றவே இல்லையே" என்கிற மாதிரி விட்டுக்கொடுக்க வேண்டும். அந்த இடத்தை எப்படி நடிப்பது? அப்படியே சொல்வதா, குரலில் கேலி ஏற்றுவதா, முடிவையே மாற்றுவதா? ப்ராம்ட் புத்தகத்தில் விடை கிடையாது.

மிக்காடோ இன்னும் சிக்கல். கில்பர்ட் கேலி செய்தது இங்கிலாந்து அதிகாரிகளை; ஜப்பான் வெறும் வேஷம். ஆனால் அந்த வேஷம்தான் பிரச்சினை. 1907-இல் ஜப்பான் இளவரசர் லண்டன் வந்தபோது அரசாங்கமே இதற்குக் கொஞ்ச காலம் தடை போட்டது. 2015-இல் நியூயார்க்கின் ஒரு தொழில்முறைக் குழு, நியூயார்க் பல்கலைக்கழக அரங்கில் மிக்காடோ போடுவதாக அறிவித்தது. ஆசியரல்லாதவர்கள் ஜப்பானியர் வேடம் கட்டுவதற்கு எதிர்ப்பு கிளம்பியது, நிகழ்ச்சியை ரத்து செய்தார்கள். அடுத்த வருஷம் ஆசிய அமெரிக்கக் கலைஞர்களோடு பேசி, எல்லாம் கில்பர்ட்டின் கனவு என்று ஒரு முன்காட்சி சேர்த்து, புதிதாகச் செய்தார்கள்.

தொழில்முறைக் குழுவுக்கு ஒரு வருஷம் பிடித்த வேலை அது. மாணவர் சங்கத்துக்கு ஒரு பருவம்தான் இருக்கும். செயலாளர் ஒருத்தர், பொருளாளர் ஒருத்தர், இயக்குநராக இறுதியாண்டு மாணவர் ஒருத்தர். வகுப்பு முடிந்ததும் ஒரு அறையில் உட்கார்ந்து, இந்த வருஷம் மிக்காடோவா, ஐடாவா, எந்த வரியை வைப்பது, எதை எடுப்பது என்று கையைத் தூக்கி ஓட்டுப் போடுகிறார்கள். பொதுச்சொத்து என்றால் நடைமுறையில் இதுதான் போலிருக்கிறது. கில்பர்ட் பார்த்திருந்தால் மரக்கட்டைகளைத் தூக்கி அடித்திருப்பார்.