காலி

2019இல் நான் வேலை பார்த்த ஒரு சின்ன நிறுவனத்தில் குளிர்பதனக் கிடங்குகளுக்கான வெப்பநிலைக் கருவி ஒன்றைத் தயாரித்தோம். கை அகலத்துக்கு ஒரு டப்பா. உள்ளே ஒரு சர்க்யூட் போர்டு, இரண்டு லித்தியம் அயான் செல். முதல் வெளிநாட்டு ஆர்டர் வந்தபோதுதான் அந்த இரண்டு செல்லால் எங்கள் டப்பா விமானத்தில் ‘ஆபத்தான சரக்கு’ ஆகிவிடும், அதற்கு யூஎன் 3481 என்றொரு எண் இருக்கிறது, தனி லேபிள் வேண்டும், தனி ஆவணம் வேண்டும் என்பதெல்லாம் தெரிய வந்தது. பெட்டி, லேபிள் விற்கும் இரண்டு பேரிடம் கொட்டேஷன் வாங்கினோம். ஒருவர் மொத்தமாக எடுத்தால் 18 சதவீதம் தள்ளுபடி என்றார். இன்னொருவர் சல்லிக்காசு குறைக்க மாட்டேன், ஆனால் மூன்று பேருக்கு இரண்டு நாள் பயிற்சி தருவேன் என்றார்.

“நீதான் எக்ஸெல் நல்லா போடுவ, கம்பேர் பண்ணி அனுப்பு” என்றார் மேலாளர். பெட்டி விலை, லேபிள் விலை, டெலிவரி நாள் எல்லாவற்றுக்கும் எண் இருந்தது. ‘பயிற்சி’ என்ற பத்திக்கு என்ன எண் போடுவது? கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு 0 போட்டேன். தள்ளுபடிக்காரர் ஜெயித்தார்.

டெஸ்பாட்சில் இருந்த அண்ணன் ஒருவர் மட்டும் கொட்டேஷனைப் பார்த்துவிட்டு, “பெட்டி யார் வேணா விப்பாங்க தம்பி. மூடத் தெரியணும்ல?” என்றார். நான் சிரித்துவிட்டு நகர்ந்தேன். மூன்றாவது கன்சைன்மென்ட்டை விமான நிலையத்தில் திருப்பி அனுப்பியபோதுதான் அவர் சொன்னது ஞாபகம் வந்தது. லேபிள் பெட்டியின் விளிம்பில் மடிந்து ஒட்டியிருந்தது, அவ்வளவுதான் குற்றம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இதற்கா இவ்வளவு கெடுபிடி என்ற எரிச்சலில் இந்த விதிகளெல்லாம் எங்கிருந்து வந்தன என்று தேட ஆரம்பித்தேன். சில வாரங்களுக்கு இரவு முழுக்க அமெரிக்க விபத்து விசாரணை அறிக்கைகளைத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

1973 நவம்பர் 3. பான் ஆம் நிறுவனத்தின் போயிங் 707 சரக்கு விமானம், விமான எண் 160, நியூயார்க்கிலிருந்து ஸ்காட்லாந்துக்குப் புறப்பட்டது. சரக்கில் ரசாயனம் மட்டும் கிட்டத்தட்ட 7 டன். அதில் கண்ணாடிக் குடுவைகளில் நைட்ரிக் அமிலம் இருந்தது, குறைகடத்தித் தொழிற்சாலைக்குப் போவது. (சிலிக்கானைச் சுத்தம் செய்ய அமிலம் வேண்டும். என் சோற்றுக்கான தொழிலின் முப்பாட்டன் சரக்கு அது.) கிளம்பி அரை மணி நேரத்தில் புகை. போஸ்டனில் இறக்கிவிடலாம் என்று திரும்பினார்கள். விமானி அறைக்குள் எதுவும் தெரியாத அளவுக்குப் புகை அடைத்துவிட்டது. ஓடுதளத்துக்குச் சற்று முன்பாகவே விழுந்து, விமானத்திலிருந்த மூன்று பேரும் இறந்தார்கள்.

புகை எங்கிருந்து வந்தது என்பதை உறுதியாக நிறுவ முடியவில்லை. ஆனால் விசாரணை வாரியம் தன் கணிப்பைச் சொன்னது. குடுவைகளைச் சுற்றி எரியாத கனிமப் பொருளைத்தான் நிரப்ப வேண்டும் என்பது விதி. வெர்மிக்குலைட், மாடித்தோட்டத்துக்காரர்கள் தொட்டியில் மண்ணோடு கலப்பார்களே, அதே பொருள். அதற்குப் பதில் இவர்கள் நிரப்பியது மரத்தூள். மேல்நோக்கி அம்புக்குறி போட்ட பெட்டிகளைப் படுக்கவைத்து அடுக்கியிருந்தார்கள். அமிலம் கசிந்து மரத்தூளில் பட்டால் நெருப்புக் குச்சி தேவையில்லை, தானே பற்றிக்கொள்ளும்.

படித்ததும் நான் எதிர்பார்த்த வில்லன் கஞ்சத்தனம்தான். மரத்தூள் மலிவு, வெர்மிக்குலைட் விலை அதிகம், அதனால் மாற்றியிருப்பார்கள் என்று. ஆனால் அறிக்கை விரல் நீட்டுவது வேறு பக்கம். விதிகள் சிக்கலாக இருந்தன, பெட்டி கட்டுகிற மட்டத்தில் இருந்தவர்களுக்கு அவை பரிச்சயமே இல்லை, கண்காணிக்கும் அலுவலகங்களின் அதிகாரம் ஒன்றோடொன்று மோதியது, சோதனை போதவில்லை. மரத்தூளை நிரப்பியவருக்கு அது வெறும் மெத்தை. கண்ணாடி உடையக் கூடாது, அவ்வளவுதான் அவர் கவலை. தன் அறிவுக்கு எட்டியவரை அவர் நன்றாகத்தான் பேக் செய்திருப்பார்.

இந்த விபத்துக்குப் பின்னான சூட்டில் ஆபத்துப் பொருள் போக்குவரத்துச் சட்டம் வந்தது. 1975 ஜனவரியில் ஃபோர்டு கையெழுத்திட்டார். ஆனாலும் இந்தச் சரக்கைத் தொடும் ஒவ்வொரு ஊழியருக்கும் பயிற்சி தர வேண்டும், தேர்வு வைக்க வேண்டும், பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்ற விரிவான விதி வர 1992 ஆகிவிட்டது. அதே காலத்தில்தான் பெட்டிகளுக்கும் ஐ.நா. முத்திரை முறை வந்தது. எங்கள் தள்ளுபடிக்காரர் காட்டிய ஒரு பெட்டியில் ‘4ஜி/ஒய்’ என்று அச்சிட்டிருந்தது. 4 என்றால் பெட்டி, ஜி என்றால் அட்டை. ஒய் என்றால் நடுத்தர ஆபத்து வரைக்கும் தாங்கும், சரக்கோடு 1.2 மீட்டர் உயரத்திலிருந்து போட்டுப் பார்த்திருக்கிறார்கள். எக்ஸ் என்றால் 1.8 மீட்டர், இசட் என்றால் 0.8. எனக்குப் பிடித்த விவரம் இனிமேல்தான். அந்த முத்திரை வெறும் பெட்டிக்குக் கிடையாது. எந்த டேப்பால், எத்தனை சுற்று ஒட்டிச் சோதித்தார்களோ அப்படி மூடினால்தான் செல்லும். மூடும் முறையை எழுதிய தாள் ஒன்று பெட்டிக் கட்டோடு வரும். பிரித்துப் படிக்காதவன் கையில் அந்த விலை உயர்ந்த பெட்டியும் பலசரக்குக் கடை அட்டைப்பெட்டியும் ஒன்றுதான். அண்ணன் சொன்னதும் இதைத்தானே.

1992இல் பயிற்சி விதி வந்துவிட்டது. நான்கு வருடம் கழித்து நடந்ததைச் சொல்கிறேன்.

வால்யூஜெட் என்று அட்லாண்டாவில் ஒரு விமான நிறுவனம். பெயரிலேயே மலிவு இருக்கிறது. 1993 அக்டோபரில் பறக்க ஆரம்பித்து, பழைய டிசி-9 விமானங்களை வைத்துக்கொண்டு, பராமரிப்பு வேலைகளை வெளியே கொடுத்து வேகமாக வளர்ந்தது. 1996 தொடக்கத்தில் மூன்று எம்டி-80 விமானங்களை வாங்கி, மயாமியில் இருந்த சேபர்டெக் என்ற ஒப்பந்த நிறுவனத்திடம் சீரமைக்கக் கொடுத்தது. சொன்ன தேதிக்குத் தராவிட்டால் நாளொன்றுக்கு 2,500 டாலர் கழித்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம். வேலை பார்த்த மெக்கானிக்குகளில் பெரும்பாலோர் ஆள் சப்ளை நிறுவனங்கள் வழியே வந்த தற்காலிகப் பணியாளர்கள்.

அந்த விமானங்களில் பயணிகளின் தலைக்கு மேல் ஆக்சிஜன் ஜெனரேட்டர்கள் இருந்தன. முகமூடியை இழுத்தால் ஒரு ஊசி விடுபட்டு, சின்னச் சுத்தியல் ஒன்று வெடிமுனையைத் தட்டும். உள்ளே இருக்கும் சோடியம் குளோரேட் வெந்து ஆக்சிஜன் தரும். உருளையின் வெளிப்பக்கமே 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுடும். ஆயுள் 12 வருடம். பல ஜெனரேட்டர்களுக்கு அந்த ஆயுள் முடிந்திருந்ததால் கழற்றினார்கள். தீர்ந்துபோகாத ஜெனரேட்டராக இருந்தால் வெடிமுனைக்கு மேல் பாதுகாப்பு மூடி போடு என்று வேலைக் குறிப்பில் எழுதியிருந்தது.

ஆங்கிலத்தில் ‘காலாவதியானது’, ‘தீர்ந்துபோனது’ என்பவற்றுக்கான இரண்டு சொற்களும் உச்சரிப்பில் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கும். இந்த ஓசைக் குழப்பத்தை வில்லியம் லாங்கவீஷே 1998இல் அட்லாண்டிக் இதழில் எழுதிய கட்டுரையில் அழகாகப் பிரித்துக் காட்டியிருப்பார். தமிழில் அந்தக் குழப்பம் வராது என்று முதலில் நினைத்தேன். அப்புறம் வீட்டில் ‘சிலிண்டர் காலி’ என்று நாங்கள் சொல்வது நினைவுக்கு வந்தது. அடுப்பு எரியவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம், உள்ளே ஒன்றுமே இல்லை என்று அல்ல. அம்மாவுக்கு அந்த வித்தியாசம் தெரியும். நைலான் கயிற்றில் தொங்கும் பிளாஸ்டிக் மூடியைக் காலி சிலிண்டரிலும் அழுத்திப் போட்டுத்தான் வாசலுக்கு உருட்டுவார். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். “மொத தடவை சிலிண்டர் போட வந்த பையன் சொன்னான்டா” என்றார்.

மயாமியில் மூடி இல்லை. கடையில் வாங்கும் செலவு அற்பம், ஆனால் பட்டறையில் ஸ்டாக் இல்லை. புது ஜெனரேட்டர்களோடு வந்த மூடிகளை எடுத்து மாட்டலாமா என்று பேசிப் பார்த்தார்கள். அவை புதுசுக்கே கடைசிச் சோதனை வரை தேவை என்று விட்டுவிட்டார்கள். சிலர் கயிற்றை உருளையில் சுற்றி டேப் ஒட்டினார்கள். வேலைக் குறிப்பில் ‘மூடி போடப்பட்டது’ என்ற இடத்திலும் கையெழுத்து விழுந்தது. இந்த வேலைக்கு 72 பேர் சேர்ந்து சுமார் 910 மணி நேரம் கணக்கு எழுதியிருக்கிறார்கள். அத்தனை பேரில் ஒருவர்கூட ஓடிப்போய் மூடி வாங்கி வரவில்லை என்பதை வாசித்துவிட்டு அன்றைக்கு லேப்டாப்பை மூடிவிட்டேன்.

ஜெனரேட்டர்கள் ஐந்து அட்டைப்பெட்டிகளில் ஷிப்பிங் பகுதிக்கு நகர்ந்தன. வரப்போகும் ஒரு வாடிக்கையாளர் பட்டறையைப் பார்வையிட இருந்தார், அதனால் இடத்தைச் சுத்தம் செய்யச் சொன்னார்கள். ஸ்டாக் கிளார்க் பெட்டிகளை வால்யூஜெட்டுக்கே அனுப்பிவிடலாம் என்று அடுக்கி, மேலே குமிழ்த்தாள் வைத்து ஒட்டினார். காலி என்று நம்பினார். சீட்டில் ‘ஆக்சி கேனிஸ்டர்ஸ் - எம்ப்டி’ என்று எழுதப்பட்டது. உள்ளே சுமார் 144 ஜெனரேட்டர்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய சிலதைத் தவிர எதுவும் காலி இல்லை. மரத்தூளை மெத்தை என்று நினைத்தவர் ஞாபகம் வந்தார்.

1996 மே 11 பிற்பகல் அந்தப் பெட்டிகள் விமானம் 592இன் முன்பக்கச் சரக்கறையில், சில விமான டயர்களோடு ஏறின. ஆபத்தான சரக்கை ஏற்றவே வால்யூஜெட்டுக்கு அனுமதி கிடையாது. சீட்டில் ‘காலி’ என்றிருந்ததால் ஏற்றியவர்களுக்கும் சந்தேகம் வரவில்லை. அந்தச் சரக்கறையில் தீயை உணரும் கருவியும் இல்லை, அணைக்கும் கருவியும் இல்லை. காற்றுப் புகாமல் அடைத்த அறை, தீப்பிடித்தாலும் ஆக்சிஜன் இல்லாமல் தானே அணைந்துவிடும் என்பது வடிவமைத்தவர்களின் கணக்கு. அந்த அறைக்குள்தான் ஆக்சிஜன் தயாரிக்கும் உருளைகளை அடுக்கினார்கள். பிற்பாடு அதே ஏற்பாட்டைத் தரையில் வைத்துச் சோதித்தபோது வெப்பம் 1,600 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. விமானம் கிளம்பிப் பத்து நிமிடத்துக்குள் எவர்கிளேட்ஸ் சதுப்பில் விழுந்தது. 110 பேர்.

இதில் எனக்குக் கோபம் வந்த இடம் வேறு. 1986இலேயே சிகாகோவில் ஒரு டிசி-10 இதே வகை ஜெனரேட்டரால் தரையில் எரிந்து நாசமாகியிருந்தது. 1988இல் நாஷ்வில் போன விமானம் ஒன்றில், அறிவிக்காமல் ஏற்றிய ஹைட்ரஜன் பெராக்சைடு சரக்கறையில் பற்றிக்கொண்டது. பயணிகள் பிழைத்தார்கள். சரக்கறைகளில் தீயுணர் கருவி வையுங்கள் என்று விசாரணை வாரியம் கேட்டது. செலவுக்கு ஏற்ற பலன் இல்லை என்று விமானப் போக்குவரத்து நிர்வாகம் 1993இல் மறுத்தது. யாரோ ஒருவர் எக்ஸெல் போட்டிருக்கிறார். பலன் என்ற பத்தியில் நிறைய யோசித்துத்தான் ஒரு எண்ணைப் போட்டிருப்பார். நான் அதைக்கூடச் செய்யவில்லை. கருவிகளைக் கட்டாயமாக்கும் விதி 1998இல் வந்தது, 2001 மார்ச் வரை அவகாசம்.

1999 டிசம்பரில் மயாமி நடுவர் குழு சேபர்டெக்கை ஒன்பது பிரிவுகளில் குற்றவாளி என்றது. விசாரணைக்கு வந்த ஊழியர்கள் இருவரை விடுவித்தது. அந்த ஒன்பதில் எட்டு, ஆபத்துப் பொருளைத் தவறாக அனுப்பியது தொடர்பானவை. 2001இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்த எட்டுக்கும் சட்ட அடிப்படை சரியில்லை என்று ரத்து செய்தது. நின்றது ஒன்றே ஒன்று: ஊழியர்களுக்கு ஆபத்துப் பொருள் பயிற்சி தராதது. மூடி போடாதது, பொய்க் கையெழுத்து, ‘காலி’ என்ற சீட்டு எல்லாம் உதிர்ந்துபோய், கடைசியில் நான் 0 போட்ட அந்தப் பத்தி மட்டும் நின்றது. அபராதம் 5 லட்சம் டாலர்.

விலை வைத்துப் பார்த்தால் நான் எடுத்த முடிவு தப்பில்லை என்று இன்றைக்கும் வாதாட முடியும். எங்கள் டப்பாவுக்குள் இருந்தவை சின்னச் செல்கள், அளவு கம்மி. பயிற்சி விற்பவர்களில் பாதிப்பேர் ஸ்லைடைக் காட்டி சான்றிதழ் அச்சடித்துத் தருபவர்கள், அதுவும் உண்மை. 72 பேருக்கும் அப்படியொரு சான்றிதழ் இருந்திருந்தால் மூடி வந்திருக்குமா? எனக்குத் தெரிந்து ஒரே ஒருவருக்கு, அந்த ஸ்டாக் கிளார்க்குக்கு, ‘காலி என்றால் என்ன அர்த்தம்’ என்று யாராவது உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் போதும். சிலிண்டர் போட வந்த பையன் அம்மாவுக்குச் சொன்ன மாதிரி.

கன்சைன்மென்ட் திரும்பி வந்த பிறகு டெஸ்பாட்ச் அண்ணனையும் என்னையும் பயிற்சிக்கு அனுப்பினார்கள். 24 மாதத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். நான் அதற்குள் வேறு வேலைக்கு மாறிவிட்டேன். அங்கே எல்லோருக்கும் வருடாந்திரத் தகவல் பாதுகாப்புப் பயிற்சி உண்டு, 40 நிமிட வீடியோ, கடைசியில் பத்துக் கேள்வி. ரிலீஸ் நெருக்கடியில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு என் டீமில் ஆறு பேருக்கும் நானே உட்கார்ந்து ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ அழுத்தி முடித்திருக்கிறேன். ஆறு பேரின் பெயரிலும் ‘முழுமையாகப் பார்த்தேன்’ என்ற கட்டத்தில் டிக்.

இந்தக் கட்டுரையை எழுதும்போது அந்த ஆறு பேரில் ஒருவனுக்கு போன் செய்து இதைச் சொன்னேன்.

“அதுக்கு என்னடா இப்போ?” என்றான். “அதுக்கு முந்தின வருஷம் உனக்கு நான் பண்ணேன்ல.”