இரண்டு டார்ட்டன்கள்

ஸ்காட்லாந்தின் மக்ளவுட் குலத்துக்கு இரண்டு டார்ட்டன்கள். ஒன்று கண்ணைப் பறிக்கும் மஞ்சள். அதன்மேல் கனத்த கறுப்புப் பட்டைகள், மெல்லிய சிவப்புக் கோடு. மற்றது இருண்டது: நீலம், கறுப்பு, பச்சை, ஊடே மஞ்சளும் சிவப்புமாக இழைக்கோடுகள். முன்னது லூயிஸ் கிளைக்கு, பின்னது ஹாரிஸ் கிளைக்கு என்பார் கடைக்காரர். இரண்டில் எதுவும் குலத்தின் ஆதியிலிருந்து வந்ததல்ல.

மஞ்சள் ஒரு ஜோடனை. ஆலன் என்ற குடும்பப் பெயரில் பிறந்த இரு சகோதரர்கள் தம்மை ஸ்டூவர்ட் வம்சத்து இளவரசன் சார்லஸின் பேரர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள்; குலங்களின் துணி வகைகளை விவரிக்கும் பதினாறாம் நூற்றாண்டுச் சுவடி தம்மிடம் இருப்பதாகவும் சொன்னார்கள். 1829ல் தாமஸ் டிக் லாடர் இதை உற்சாகத்துடன் வால்டர் ஸ்காட்டுக்கு எழுதினார். மக்ளவுட் தலைவருக்கு மஞ்சள் மாதிரி கிடைத்துவிட்ட செய்தியும் அக்கடிதத்தில் உண்டு. ஸ்காட் நம்பவில்லை. (1822ல் நான்காம் ஜார்ஜ் வந்தபோது எடின்பரோவையே டார்ட்டனில் புகுத்தியவர் அவர். வேஷத்தை இனங்காண அவருக்குச் சிரமம் இருந்திருக்காது.) சுவடி 1842ல் 'வெஸ்டியாரியம் ஸ்காட்டிகம்' என்று அச்சேறியது: 75 டார்ட்டன்கள், வண்ணத்தில். இன்று குலத்தின் பேரில் விற்கும் பல துணிகள் இந்தப் புத்தகத்தின் சந்ததி.

இருண்டதன் கதை வேறு. 1746ல் கல்லோடன் தோல்விக்குப்பின் ஹைலாந்து உடையைச் சட்டம் தடை செய்தது. 1782 வரை தடை நீடித்தது. பட்டாளத்தில் சேர்ந்தவனுக்கு விலக்கு. அவன் உடுத்தியது அரசாங்கம் தந்த நீலமும் கறுப்பும் பச்சையும். லார்ட் மக்ளவுட் என்ற பட்டம் பெற்ற ஜான் மெக்கன்சி 1745 கலகத்தில் அரசனுக்கு எதிராக நின்றவர். மன்னிப்புப் பெற்று, ஸ்வீடனில் சேவகம் பார்த்து, 1777ல் அதே அரசுக்குப் படை திரட்டினார். அரசாங்கத் துணியில் அடையாளத்துக்குச் சில கோடுகள் சேர்ந்தன. 1780ல் அந்தப் படை மதராஸில் இறங்கியது. அதே செப்டம்பரில், காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில், ஹைதரும் திப்புவும் பெய்லியின் சேனையை அழித்தபோது இதன் இரண்டு கம்பெனிகளும் அகப்பட்டன. அவற்றிலிருந்த டேவிட் பெயர்ட் 1784 வரை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கைதி. மெக்கன்சி டார்ட்டனும் ஹாரிஸ் மக்ளவுட் டார்ட்டனும் இந்தப் பட்டாளத் துணியின் வழிவந்தவை. பட்டம் துணியில் ஒட்டிக்கொண்டது, துணி குலத்தில்.

தறிக்கு இந்தப் பெயர்கள் தெரியாது. பாவில் நிறங்கள் எந்த வரிசையோ ஊடையிலும் அதே வரிசை. ஒரு நிறம் தன்னையே சந்திக்கும் கட்டத்தில் அது முழுமையாக நிற்கிறது. வேறொன்றைச் சந்திக்கையில் இரண்டும் சாய்கோடுகளாகக் கலக்கின்றன. ஐந்து நிற நூலில் பதினைந்து சாயல்கள். எனக்கு இதில் அசலாகப் படுவது இந்தக் கணக்குதான். பானக்பர்னில் வில்சன் கம்பெனி பல வகைகளை வெறும் எண்ணிட்டே நெய்து விற்றது. பெயர் பிறகு வந்தது.

ஹ்யூ ட்ரெவர்-ரோப்பர் 1983ல் எழுதிய கட்டுரை இதையெல்லாம் குதூகலத்துடன் தோலுரிக்கிறது. (அவ்வருஷமே ஹிட்லரின் போலி டயரிகளை அசல் என்று சான்றளித்தவரும் அவரே.) 1822 வைபவத்துக்கு மக்ஃபர்ஸன் தலைவர் வாங்கிய துணி முன்பு 'கிட்' என்று விற்கப்பட்டதாம். கிட் என்பவர் மேற்கிந்தியத் தீவுகளில் தம் அடிமைகளுக்கு உடுத்த மொத்தமாக வாங்கியதால் அந்தப் பெயர். அதற்கும் முன் அது எண் 155. நகைச்சுவைக்கு எடுத்துக்காட்டு அகப்பட்ட திருப்தியில் ட்ரெவர்-ரோப்பர் மேலே போய்விடுகிறார். அடிமைகள் ஒரு வாக்கியத்தின் நடுவில் வந்து மறைகிறார்கள். தலைவனுக்கு முன்னால் அந்தக் கட்டங்களை உடுத்தியவர்கள் அவர்கள். பெயர் பொய்யா என்று கேட்பவருக்கு, துணி யார் முதுகில் கிடந்தது என்று கேட்கத் தோன்றவில்லை.

பெயரில் சந்தேகமே இல்லாதவர்களைப் பார்த்தாலும் இதுதான். கிளெங்காரியின் மக்டொனெல் 1815ல் அசல் ஹைலாந்தர்களுக்கென்றே சங்கம் வைத்தவர். ரேபர்ன் அவரை முழு டார்ட்டனில், கையில் துப்பாக்கியுடன் வரைந்திருக்கிறார். அவர் தாயார் காலத்திலும் அவர் காலத்திலும் அந்தப் பள்ளத்தாக்கின் குடிகள் ஆட்டுப் பண்ணைகளுக்காக வெளியேற்றப்பட்டார்கள். பலர் கனடாவுக்குக் கப்பலேறினார்கள். ஒன்டாரியோவில் கிளெங்காரி என்றே ஒரு வட்டாரம் இருக்கிறது.